ஓட்டு உண்டு, வீடு இல்லை

2015 செப்டம்பரில் ஒன்பது நாட்கள் மூணாறு நகரம் கொழுந்து பறிக்கும் பெண்களின் கையில் இருந்தது. கொச்சி – தனுஷ்கோடி நெடுஞ்சாலையை மறித்து ஆயிரக்கணக்கான பெண்கள் உட்கார்ந்துவிட்டார்கள். பஸ் ஓடவில்லை, கடை திறக்கவில்லை. சுற்றுலாப் பயணிகள் வந்த வழியே திரும்பினார்கள். பேச வந்த யூனியன் தலைவர்களை அந்தப் பெண்கள் விரட்டியடித்தார்கள். ஆளும் காங்கிரசின் யூனியன், எதிர்க்கட்சிகளான இரண்டு கம்யூனிஸ்ட் கட்சிகளின் யூனியன்கள் என்று வித்தியாசம் பார்க்கவில்லை. தேவிகுளம் எம்.எல்.ஏ. எஸ்.ராஜேந்திரனுக்கும் அதே மரியாதைதான். பக்கத்தில் உட்கார அனுமதி கிடைத்த பெரிய தலைவர் அநேகமாக வி.எஸ்.அச்சுதானந்தன் மட்டுமே.

உடனடிக் காரணம் போனஸ். கண்ணன் தேவன் ஹில்ஸ் பிளாண்டேஷன்ஸ் கம்பெனி அந்த ஆண்டு 10 சதவீதம் என்று அறிவித்தது. பெண்கள் 20 கேட்டார்கள். 2005இல் டாடா டீயிடமிருந்து தோட்டங்கள் கைமாறியபோது, பெரும்பகுதிப் பங்குகள் ஊழியர்களுக்கே என்று பெருமையாகச் சொல்லப்பட்ட கம்பெனி இது. ஆனால் அன்றைய தினக்கூலி 232 ரூபாய். இடிந்த லயம் எங்களுக்கு, பங்களா உங்களுக்கா என்று அவர்கள் போட்ட கோஷம், பங்குதாரர்கள் எழுப்புகிற கோஷமாக இருக்கவில்லை.

முதல்வர் உம்மன் சாண்டி முன்னிலையில் நடந்த பேச்சு வார்த்தையில், 8.33 சதவீதம் போனசாகவும் 11.67 சதவீதம் கருணைத் தொகையாகவும் கிடைத்தது. ஆக மொத்தம் 20. ஆண்கள் ஒதுங்கி நிற்க, லிசி சன்னி, கோமதி, இந்திராணி என்று தோட்டத்துக்கு வெளியே யாருக்கும் தெரியாத பெண்கள் ஒரு மாநில அரசையே மேஜைக்கு வரவழைத்தார்கள். உள்ளூர்ப் பேச்சில் ‘பொம்பிளை ஒருமை’ என்று விழுந்த பெயர் அப்படியே அமைப்பின் பெயராயிற்று. அடுத்துக் கூலிக்கான போராட்டம். கேட்டது 500. அக்டோபரில் முடிவானது 301.

அந்த வெற்றி எந்த இடத்தில் நின்றுபோனது என்பதுதான் இன்று கேட்க வேண்டிய கேள்வி.

மூணாறு மலைகள் 1877இல் பூஞ்ஞாறு ராஜாவிடமிருந்து ஜான் டேனியல் மன்றோவின் கைக்கு வந்தன. காடு திருத்தவும் பின்னர் தேயிலை நடவும் ஆள் வேண்டியிருந்தது. திருநெல்வேலி, மதுரை, ராமநாதபுரம் சீமைகளிலிருந்து கங்காணிகள் முன்பணம் கொடுத்து ஆள் கூட்டி வந்தார்கள். வந்தவர்களில் பெரும்பாலோர் தலித்துகள். 1956இல் மொழிவாரி மாநிலங்கள் பிரிந்தபோது, தேவிகுளமும் பீர்மேடும் தமிழகத்தோடு சேர வேண்டும் என்ற கோரிக்கை எடுபடவில்லை. கோடு மாறவில்லை, மக்களும் நகரவில்லை. நான்கைந்து தலைமுறைக்குப் பிறகும் அவர்கள் ‘தமிழ்நாட்டிலிருந்து வந்தவர்கள்’.

இதே சீமைகளிலிருந்து இலங்கைக்குப் போனவர்களின் கதை தமிழர்களுக்குத் தெரியும். 1948இல் குடியுரிமைச் சட்டம் அவர்களை நாடற்றவர்களாக்கியது. அந்தக் கணக்கு முழுதாகத் தீர 2003 ஆயிற்று. மூணாறில் அப்படி எதுவும் நடக்கவில்லை. ரேஷன் கார்டு உண்டு, வாக்குச்சீட்டு உண்டு. இந்தியக் குடிமக்கள் என்பதில் யாருக்கும் சந்தேகமில்லை. இல்லாதது இரண்டு காகிதங்கள்தான்: ஒன்று வீட்டுப் பட்டா, இன்னொன்று சாதிச் சான்றிதழ்.

முதலில் வீடு. 1951ஆம் ஆண்டின் தோட்டத் தொழிலாளர் சட்டம், தொழிலாளிக்கு முதலாளி வீடு தரவேண்டும் என்றது. நல்ல சட்டம்தான். ஆனால் வேலை இருக்கும்வரைதான் வீடு. ஓய்வுபெற்றவர் லயத்தைக் காலி செய்ய வேண்டும், அல்லது குடும்பத்தில் இன்னொருவர் தோட்டத்தில் பெயர் பதிய வேண்டும். பிளஸ் டூ முடித்த மகளோ, வேலை தேடி வெளியூர் போயிருந்த மருமகளோ கூடையைத் தூக்குவதற்குப் பல குடும்பங்களில் இதுதான் காரணம். அவர்கள் கொழுந்து பறிப்பது கூலிக்காக மட்டுமல்ல, கூரைக்காகவும்தான். போனஸ் கேட்டு சாலையில் உட்கார முடியும். கூரை யாருடையதோ அவர்களிடமே வாழ்நாள் முழுவதும் எவ்வளவு தூரம் மோத முடியும்?

2020 ஆகஸ்ட் 6ஆம் தேதி இரவு, ராஜமலை பக்கம் பெட்டிமுடியில் மலை சரிந்து லயங்களின் மேல் விழுந்தது. 70 பேர் இறந்தார்கள். அவர்களில் நான்கு பேரின் உடல்கள் கிடைக்கவே இல்லை. பெரும்பாலோர் தூத்துக்குடி மாவட்டம் கயத்தாறு பக்கத்தில் வேர் கொண்ட குடும்பங்கள். மறுநாள் கோழிக்கோடு விமான விபத்து. அங்கே இறந்தவர்களின் குடும்பத்துக்கு மாநில அரசு 10 லட்சம் அறிவித்தது. பெட்டிமுடிக்கு அறிவித்தது 5 லட்சம். வித்தியாசம் ஏன் என்று மலையில் கேட்டார்கள். பின்னர் உயிர் பிழைத்த எட்டுக் குடும்பங்களுக்குக் குட்டியாறு பள்ளத்தாக்கில் அரசு நிலம் கொடுக்க, கம்பெனி வீடு கட்டித் தந்தது. 2021இல் சாவி கைமாறியது. அந்த எட்டுக் குடும்பங்களுக்குச் சொந்த வீடு கிடைக்க ஒரு மலையே சரிய வேண்டியிருந்தது.

இரண்டாவது காகிதம் இன்னும் சிக்கலானது. தாழ்த்தப்பட்டோர் பட்டியலுக்கான குடியரசுத் தலைவரின் உத்தரவு 1950 ஆகஸ்ட் 10ஆம் தேதியிட்டது. அன்றைக்கு எந்த மாநிலத்தில் குடும்பம் இருந்ததோ அங்கேதான் சலுகை. பின்னால் மாநிலம் மாறி வந்தவருக்குப் போன இடத்தில் அது தொடராது என்று 1990இல் உச்ச நீதிமன்றமும் சொல்லிவிட்டது. பட்டணத்துக்கு மாற்றலாகி வந்த அதிகாரிக்கு இந்த விதி புரியும். லயத்தில் பிறந்து லயத்தில் இறந்த பாட்டி எந்த ஆண்டு மலை ஏறினார் என்பதற்குப் பேரனிடம் என்ன அத்தாட்சி இருக்கும்? இருந்தால் அது கம்பெனியின் பழைய பதிவேட்டில் இருக்க வேண்டும். காலேஜ் சீட்டும் அரசு வேலையும் அந்த ஏட்டின் ஒரு வரியில் தொங்குகின்றன.

இது ஏழை வீட்டுப் பிரச்சினை மட்டுமல்ல என்பதை ஒரு தேர்தல் வழக்கு காட்டியது. தேவிகுளம் தனித் தொகுதி. 2021இல் மார்க்சிஸ்ட் கட்சியின் ஏ.ராஜா 7,848 வாக்குகளில் வென்றார். தோற்ற காங்கிரஸ் வேட்பாளர் டி.குமார் வழக்குப் போட்டார். ராஜாவின் மதம் என்ன, பாட்டன் பாட்டி 1950க்கு முன் வந்தவர்களா பின் வந்தவர்களா என்பதெல்லாம் நீதிமன்றத்தில் அலசப்பட்டன. 2023 மார்ச்சில் கேரள உயர் நீதிமன்றம் தேர்தல் செல்லாது என்றது. 2025 மே 6ஆம் தேதி உச்ச நீதிமன்றம் அந்தத் தீர்ப்பை ரத்து செய்தது. எம்.எல்.ஏ.வுக்குக் கட்சி இருந்தது, டெல்லியில் வக்கீல் இருந்தார். இருந்தும் நான்கு ஆண்டுகள் ஆயின. தாலுகா ஆபீஸ் வாசலில் நிற்கும் மாணவனுக்கு நான்கு ஆண்டுகள் என்றால் படிப்பே முடிந்துபோகும் காலம்.

தெருவில் ஜெயித்து, காகிதத்தில் சிக்கிக்கொண்ட கதை மூணாறோடு முடியவில்லை. வடக்கே, பொள்ளாச்சியை ஒட்டிய பாலக்காடு மாவட்ட எல்லையிலும் தமிழ் பேசும் பெண்களே முன்நின்ற ஒரு போராட்டம் உண்டு. சித்தூர் தாலுகாவின் பிளாச்சிமடையில் 2000த்தில் கோகோ கோலா ஆலை வந்தது. கிணற்று நீர் கெட்டது. எரவாளர் பழங்குடியைச் சேர்ந்த மயிலம்மா தலைமையில் 2002 ஏப்ரல் 22 அன்று ஆலை வாசலில் பந்தல் போட்டார்கள். பெருமாட்டி பஞ்சாயத்து லைசென்சைப் புதுப்பிக்க மறுத்தது. 2004 மார்ச்சில் ஆலை நின்றது. இனித் திறக்கப்போவதில்லை என்று 2017இல் கம்பெனியே உச்ச நீதிமன்றத்தில் சொன்னது. உலகப் பத்திரிகைகள் கொண்டாடிய வெற்றி.

ஆனால் நஷ்ட ஈடு? சேதம் 216 கோடி ரூபாய்க்கு மேல் என்று 2010இல் அரசின் உயர்நிலைக் குழு கணக்கிட்டது. அதை வசூலிக்கத் தீர்ப்பாயம் அமைக்கும் மசோதாவை 2011இல் கேரள சட்டமன்றம் நிறைவேற்றியது. டெல்லி போன மசோதா குடியரசுத் தலைவரின் ஒப்புதல் இல்லாமல் திரும்பியது. மயிலம்மா 2007லேயே காலமாகிவிட்டார்.

இரண்டு இடத்திலும் பெண்கள் ஒரு கதவை மூடவோ திறக்கவோ செய்தார்கள். அதற்கு ஆவேசம் போதுமானதாக இருந்தது. அடுத்த கதவு செகரட்டேரியட்டிலும் டெல்லியிலும் இருந்தது. அங்கே வருடக்கணக்கில் காத்திருக்க அமைப்பு வேண்டும், எழுத்தர் வேண்டும், வக்கீல் வேண்டும். பொம்பிளை ஒருமை அந்தக் கட்டத்தில்தான் தடுமாறியது. 2015 உள்ளாட்சித் தேர்தலில் சில இடங்களைப் பிடித்தது, பிறகு தலைவிகளிடையே பிளவு. 2017இல் அமைச்சர் எம்.எம்.மணியின் பேச்சைக் கண்டித்து மூணாறில் உண்ணாவிரதம் இருந்தபோது பழைய கூட்டம் வரவில்லை. துரத்தப்பட்ட யூனியன்கள் பேச்சு வார்த்தை மேஜைக்குத் திரும்பிவிட்டன.

இதை அந்தப் பெண்களின் தோல்வி என்று எழுதுவது சுலபம். விடியற்காலையில் சமைத்து, பகல் முழுதும் சரிவில் நின்று பறித்து, மாலையில் எடை போட்டுவிட்டு வருகிறவர்களிடம் கோப்புகளையும் துரத்துங்கள் என்று கேட்பது நியாயமல்ல. அது யூனியன்கள் செய்ய வேண்டிய வேலை. சந்தா வாங்கியதும் அதற்காகத்தான்.

அவர்கள் திரும்பவும் தோட்டத்தில் மதிப்புப் பெற விரும்பினால் எங்கே தொடங்குவது என்பதில் குழப்பமில்லை. பழைய பதிவேடுகளைக் கம்பெனிகள் ஒவ்வொரு குடும்பத்துக்கும் நகல் எடுத்துத் தர வேண்டும். அவற்றை அத்தாட்சியாக ஏற்கும்படி வருவாய்த் துறைக்கு அரசு உத்தரவிட வேண்டும். ஓய்வுபெறும் நாளில் தொழிலாளிக்குச் சிறு மனையாவது சொந்தமாக இருக்க வேண்டும். மூன்றுமே அடுத்த போனசைவிட முக்கியமானவை. நாற்பது ஆண்டு பறித்துவிட்டு லயத்துச் சாவியை ஒப்படைக்கும் பெண்ணுக்குக் கயத்தாறிலும் வீடு கிடையாது, மூணாறிலும் கிடையாது.