ஆறு வயதுவரை யார் பொறுப்பு?

“பொறுத்துப் பார், பிள்ளை தானே பேசும்” என்கிறார் பாட்டியார். “கிரகம் சரியில்லை, பரிகாரம் செய்” என்கிறார் சோதிடர். “ஆறு வயதாகட்டும், உரிமை தருகிறோம்” என்கிறது சட்டம். அன்பு பேசுவதும், பிழைப்பு பேசுவதும், அதிகாரம் பேசுவதும் ஒரே சொல்: காத்திரு! அந்த ஒரு சொல்லைத்தான் நாம் எதிர்க்கிறோம்.

அம்பத்தூர்த் தொழிற்பேட்டையின் பட்டறைக்குள் நுழைந்து பாருங்கள். கடைசலில் இருந்து இறங்கும் ஒவ்வோர் இரும்புத் துண்டையும் தொழிலாளி கேஜ் வைத்து அளக்கிறார். மயிரிழை பிசகினாலும் அங்கேயே நிறுத்திச் சரிசெய்கிறார். ஆவடியிலே நாட்டின் காவலுக்கு டாங்கி செய்கிறார்கள். அங்கே ஆணி ஒன்றுக்கும் கணக்குண்டு, சோதனையுண்டு. ஆனால் அந்தத் தொழிலாளியின் வீட்டில், இரண்டு வயதாகியும் பெயர் சொல்லி அழைத்தால் திரும்பாத பிள்ளையை அளந்து பார்ப்பார் எவர்? இரும்புக்குக் கிட்டிய கவனம் இரத்தத்துக்கும் சதைக்கும் கிட்டவில்லையே, இது என்ன நீதி?

அந்த வீட்டிலே நடப்பதென்ன? பேச்சு வர நாவில் வசம்பு தேய்க்கிறார்கள். கழுத்திலே தாயத்து ஏறுகிறது. அதனினும் கொடுமை, பழி தாயின் தலையில் விழுகிறது. கருவுற்றபோது கிரகணத்தைப் பார்த்தாளாம், முற்பிறவியில் பாவம் செய்தாளாம்! பிள்ளையின் செவியைச் சோதிக்க வேண்டிய வீட்டார், தாயின் சாதகத்தைச் சோதிக்கிறார்கள். கேளாத செவி எவ்வாறு பேச்சைக் கற்கும்? தாயத்துக்குத் தெரியுமா செவிப்பறையின் நிலை?

அறிவியல் கூறுவது தெளிவு. ஒன்பது மாதத்தில் பிடிப்பின்றி உட்காருதல், ஒன்றரை வயதில் நடத்தல், இரண்டு வயதில் இரு சொல் சேர்த்துப் பேசுதல், இவை வளர்ச்சியின் மைல்கற்கள். ஒன்று தவறினால் அஞ்ச வேண்டுவதில்லை. ஆனால் அன்றே பார்க்க வேண்டும். பிறவியிலேயே தைராய்டு சுரப்பு குன்றிய குழந்தையை எண்ணுங்கள். பிறந்த சில நாளில் குதிகாலில் ஒரு சொட்டுக் குருதி எடுத்துச் சோதித்து, முதல் சில வாரங்களுக்குள் நாளுக்கு ஒரு மாத்திரை கொடுக்கத் தொடங்கினால், அறிவு வளர்ச்சி தடையின்றி நடைபெறும். காலம் கடந்தபின் கொடுத்தாலோ, இழந்த அறிவை அந்த மாத்திரையால் முழுதும் மீட்க இயலாது. மாத்திரை அதேதான், தவறியது காலம். இந்தச் சோதனை இன்னும் இந்நாட்டின் எல்லாக் குழந்தைகளுக்கும் கிட்டவில்லை.

1930களில் அமெரிக்காவின் அயோவா மாநிலத்தில் ஹெரால்டு ஸ்கீல்ஸ் என்ற உளநூல் அறிஞர் ஓர் உண்மையைக் கண்டார். அநாதை இல்லத்தில் மந்தமென ஒதுக்கப்பட்டுக் கிடந்த, மூன்று வயது நிரம்பாத 13 குழந்தைகள், அறிவு குன்றியோர் என்று உலகம் முத்திரையிட்ட பெண்கள் வாழ்ந்த விடுதிக்கு அனுப்பப்பட்டனர். அப்பெண்கள் குழந்தைகளைத் தூக்கினர், பேசினர், விளையாடினர். இல்லத்திலேயே விடப்பட்ட வேறு 12 குழந்தைகளோடு அவர் ஒப்பிட்டார். 1966இல் வெளியான முடிவு யாது? வளர்ந்து ஆளான 13 பேரும் தம் காலில் நின்று வாழ்ந்தனர். எஞ்சிய 12 பேரில் சிலர் அப்போதும் விடுதிச் சுவருக்குள்ளேயே கிடந்தனர். எவரை உலகம் உதவாக்கரை என்றதோ, அவர்தம் கைகளே பிள்ளைகளை மனிதராக்கின. விதி எங்கே போயிற்று?

எல்லாக் குழந்தையும் எல்லாரையும் போல ஆகிவிடும் என்று நாம் சொல்லவில்லை. அப்படிச் சொல்பவர் இன்னொரு வகைச் சோதிடரே. ஒவ்வொரு குழந்தையும் தன் ஆற்றலின் எல்லைவரை வளர வழியிருக்க வேண்டும் என்கிறோம், அவ்வளவே.

சட்டம் என்ன சொல்கிறது? அரசியல் சட்டத்தின் 21ஏ பிரிவு 6 முதல் 14 வயதுவரை கல்வியை உரிமையாக்கிற்று. மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், 2016, இலவசக் கல்வியை 6 முதல் 18 வயதுவரை தருகிறது. ஆறுக்குக் கீழே? 45ஆவது பிரிவில், அரசு முயல வேண்டும் என்ற நெறி மட்டும். பெரிய பிள்ளைக்கு உரிமை, சிறிய பிள்ளைக்கு முயற்சி! அமெரிக்காவிலோ, பிறப்பு முதல் இரண்டு வயது முடியும்வரை உள்ள குழந்தைகளுக்கான தொடக்கநிலைப் பயிற்சிக்கு 1986லேயே சட்டம் வந்துவிட்டது.

ஒன்றுமே நடக்கவில்லை என்பதன்று நம் வாதம். 2013இல் தேசியச் சிறார் நலத் திட்டம் பிறந்தது. மருத்துவக் குழு அங்கன்வாடிக்கு ஆண்டுக்கு இருமுறை வரவும், மாவட்டத்துக்கொரு தொடக்கநிலை மையம் அமையவும் வழி வகுத்தது. கோட்டூர்புரத்தில் வித்யாசாகர் 1985 முதலும், தியாகராய நகரில் மதுரம் நாராயணன் மையம் 1989 முதலும் தொண்டாற்றுகின்றன. முட்டுக்காட்டில் மத்திய அரசின் நிறுவனம் உண்டு. மாநில அரசின் உரிமைகள் திட்டம் விழுதுகள் என்ற பெயரில் மையங்களைத் திறந்து வருகிறது. வரவேற்கிறோம்.

ஆனால் மேற்குப் புறநகர்த் தாயின் பாதையில் நடந்து பாருங்கள்! ஆவடியிலிருந்து முட்டுக்காடு செல்ல நகரையே குறுக்கே கடக்க வேண்டும். பூந்தமல்லியிலிருந்து மாவட்டத் தலைநகர் திருவள்ளூருக்கு மறுதிசை. ஒரு நாளா, இரு நாளா? வாரந்தோறும், ஆண்டுக்கணக்கில், பிள்ளையைத் தோளில் சுமந்து! மகளிர்க்குக் கட்டணமில்லாப் பேருந்து வந்தது, நன்று. சில்லறை மிஞ்சும், பாதி நாள் மிஞ்சுமா? கணவர் உடன் சென்றால் அன்றைய கூலி போகிறது. மூன்றாவது மாதம் பயணம் நிற்கிறது. “தாய்க்கு அக்கறையில்லை” என்று ஏட்டிலே குறிப்பு ஏறுகிறது. எட்டாத இடத்தில் வைத்த உதவி, ஏட்டுச் சுரைக்காய்!

“நிதி எங்கே?” என்பார்கள். 1920இல் சென்னை மாநகராட்சி ஆயிரம் விளக்குப் பள்ளியில் பிள்ளைகளுக்கு உணவிட்டபோதும் இக்கேள்வி இருந்தது. 1956இலும், 1982இலும் மதிய உணவு விரிந்தபோது இருந்தது. 2022இல் காலை உணவு வந்தபோதும் இருந்தது. அடுப்பு அணைந்ததா? பசித்த வயிற்றுக்குக் கருவூலம் திறந்த இந்நாடு, பசித்த மூளைக்குப் பூட்டு மாட்டுமா?

நாம் கேட்பது மாளிகையன்று. அங்கன்வாடிதோறும் கைக்குழந்தைகளுக்கும் வளர்ச்சிச் சோதனை. அங்கன்வாடி ஊழியருக்கு அதற்கான பயிற்சியும், அந்த வேலைக்குத் தனி ஊதியமும். அம்பத்தூரிலும் ஆவடியிலும் பூந்தமல்லியிலும் பேச்சுப் பயிற்சியாளரும் இயன்முறை மருத்துவரும் வாரம் தவறாது வந்தமரும் ஓர் அறை. வீட்டிலே விளையாட்டோடு விளையாட்டாகப் பயிற்சி தருவது எப்படி என்று தாய்க்கும் தந்தைக்கும் கற்றுத்தருதல். விழுக்காட்டுச் சான்றிதழ் கேட்டு வாயிலில் நிறுத்தாமை. எல்லாவற்றுக்கும் மேலாக, பிறந்த நாள் முதலே உரிமை என்று சட்டத்தில் ஒரு திருத்தம்.

தோழர்களே, உங்கள் தெருவில் பெயர் அழைத்தும் திரும்பாத பிள்ளை இருந்தால், அந்த வீட்டுக் கதவை இன்றே தட்டுங்கள். தாயைப் பழிக்கும் வாயை அடக்குங்கள். தாயத்தைப் பற்றிப் பிறகு வாதிடலாம். முதலில் பிள்ளையை மருத்துவரிடம் அழைத்துச் செல்லத் துணை நில்லுங்கள். அடுத்துப் பேரவை உறுப்பினரின் கதவைத் தட்டுங்கள். ஆறு வயதுவரை இப்பிள்ளைக்கு யார் பொறுப்பு என்று கேளுங்கள். பதில் வரும்வரை கேளுங்கள்.