வேலையை விட்டுட்டு நடிக்கப் போறீங்களா? முதல்ல வாடகைக் கணக்கைப் போடுங்க!

லேப்டாப்பில் டீம் மீட்டிங் ஓடிக்கிட்டு இருக்கும். நீங்க கேமராவை ஆஃப் பண்ணிட்டு, போன்ல வந்த ஒரு ஆடிஷன் அறிவிப்பை மூணாவது தடவையா படிச்சுக்கிட்டு இருப்பீங்க. 'புதுமுகங்கள் தேவை, முன் அனுபவம் அவசியமில்லை.' உடனே மனசுக்குள்ள ஒரு கணக்கு ஓடும். இன்னைக்குப் பேப்பர் போட்டா, நோட்டீஸ் பீரியட் எப்போ முடியும்?

இந்த எண்ணம் வர்றதுக்கு இப்போ வலுவான காரணமும் இருக்கு. 'நிலையான வேலை' என்ற வார்த்தை மேலேயே நம்பிக்கை குறைஞ்சுபோச்சு. 2025 ஜூலையில் டி.சி.எஸ் நிறுவனம், தன் ஊழியர்களில் சுமார் 2 சதவிகிதம் பேரை, அதாவது 12,000-க்கும் மேற்பட்டவர்களைக் குறைக்கப்போவதாக அறிவித்தது. 'பெரிய கம்பெனியில சேர்ந்துட்டா லைஃப் செட்டில்' என்று சொல்லி வளர்க்கப்பட்ட ஒரு தலைமுறைக்கு அது சாதாரணச் செய்தி இல்லை. இன்னொரு பக்கம் யூடியூப், வெப் சீரிஸ், ரீல்ஸ் என்று முகம் காட்ட ஆயிரம் வாசல் திறந்திருக்கு. 'எப்படியும் உத்தரவாதம் இல்லாத வாழ்க்கைதானே, அதைப் பிடிச்ச வேலையில வாழ்ந்துட்டுப் போறேனே!' என்று கேட்டால், அதில் நியாயம் இருக்கத்தான் செய்யுது.

ஆனா, அந்த வாதத்தில் ஒரு ஓட்டையும் இருக்கு. ஆபீஸ் வேலை போனா பி.எஃப் இருக்கு, செட்டில்மென்ட் இருக்கு, அனுபவச் சான்றிதழைக் காட்டி அடுத்த இன்டர்வியூவுக்குப் போகலாம். நடிப்பில் நாலு வருஷம் ஓடிய பிறகும் கையில் எதுவும் இல்லாமல் போகலாம். நடித்த படம் பெட்டியிலேயே தூங்கலாம். நடித்த காட்சி எடிட்டிங்கில் காணாமல் போகலாம். அதனால 'எனக்குத் திறமை இருக்கா?' என்ற கேள்வியைவிட முக்கியமான கேள்வி இன்னொண்ணு இருக்கு. வாய்ப்பு வர்ற வரைக்கும் வாடகையை யார் கட்டப் போறாங்க?

ரீல்ஸ்ல வராத ஏழு வருஷம்

'துபாய் வேலையை விட்டுட்டு வந்து ஹீரோ ஆனவர்' என்று விஜய் சேதுபதி கதையை 30 செகண்ட்ல சொல்லிடுவாங்க. அந்த 30 செகண்ட்ல விட்டுப்போனதுதான் நமக்குத் தேவை. துபாயில் கணக்காளர் வேலை பார்த்தவர் 2003-ல் ஊர் திரும்பினார். அடுத்த நாளே கேமரா முன்னாடி போய் நிற்கவில்லை. நண்பர்களோடு இன்டீரியர் டெகரேஷன் தொழில் பார்த்தார். ரெடிமேட் கிச்சன் விற்கும் நிறுவனத்தில் மார்க்கெட்டிங் வேலை பார்த்தார். பிறகு ந.முத்துசாமியின் கூத்துப்பட்டறையில் கணக்காளராகச் சேர்ந்தார். தெரிந்த தொழிலைச் செய்தபடியே, நடிகர்கள் பயிற்சி எடுப்பதைப் பக்கத்திலிருந்து பார்த்தார். 'புதுப்பேட்டை', 'வெண்ணிலா கபடிக் குழு' என்று கூட்டத்தில் ஒருவராக வந்துபோனார். 'தென்மேற்கு பருவக்காற்று' வெளியானது 2010 டிசம்பரில். 'பீட்சா' வந்தது 2012-ல்.

கணக்குப் பாருங்க. ஊர் திரும்பியதிலிருந்து கதாநாயகனாக முதல் படம் வரைக்கும் ஏழு வருஷம். அந்த ஏழு வருஷமும் சும்மா காத்திருந்த காலம் இல்லை. வேறு வேலை பார்த்து வீட்டை ஓட்டிய காலம்.

இந்தியில் பங்கஜ் திரிபாதியின் கதையும் இதே மாதிரிதான். பாட்னாவில் ஹோட்டல் சமையலறையில் வேலை பார்த்துக்கொண்டே நாடகம் போட்டவர். டெல்லி தேசிய நாடகப் பள்ளியில் படிப்பை முடித்து 2004-ல் மும்பை போனார். அவரைப் பலருக்கும் அடையாளம் காட்டிய 'கேங்ஸ் ஆஃப் வாஸிபூர்' வந்தது 2012-ல். இடைப்பட்ட வருஷங்களில் ஆசிரியையாக இருந்த மனைவியின் சம்பளத்தில்தான் வீடு ஓடியது என்பதை அவரே பேட்டிகளில் வெளிப்படையாகச் சொல்லியிருக்கிறார்.

பெங்களூரில் பஸ் கண்டக்டராக இருந்த சிவாஜி ராவ், 1973-ல் சென்னைக்கு நடிப்புப் படிக்க வந்தபோது, கூட வேலை பார்த்த நண்பர் ராஜ் பகதூர் பண உதவி செய்ததும் ஊரறிந்த கதை. ஒவ்வொரு வெற்றிக் கதைக்குப் பின்னாலும் மாசச் செலவைத் தாங்கிய ஒரு தோள் இருக்கு. அந்தத் தோள் போஸ்டர்ல வராது.

மாலை ஆறு மணிக்கு மேல் நடிகர்கள்

'வேலையை விட்டாத்தான் நடிகன்' என்ற நினைப்பே நம்ம ஊருக்குப் புதுசு. சபா நாடகக் காலத்தில் பகலில் ஆபீஸ், சாயங்காலம் மேடை என்பதுதான் வழக்கம். கே.பாலசந்தர், அக்கவுன்டன்ட் ஜெனரல் அலுவலகத்தில் வேலை பார்த்தபடியேதான் நாடகங்கள் எழுதி, இயக்கினார். நாகேஷ் ரயில்வே ஊழியராக இருந்தவர். கிரேஸி மோகன் பொறியாளராக வேலை பார்த்துக்கொண்டே நாடகம் எழுதியவர். டெல்லி கணேஷ் பத்து வருஷம் இந்திய விமானப்படையில் இருந்தவர். டெல்லியில் நாடகத்தில் நடித்துத் தேறிய பிறகுதான் 'பட்டினப் பிரவேசம்' வாய்ப்பு வந்தது.

அவங்களுக்குத் துணிச்சல் இல்லாமல் இல்லை. சம்பளம் ஒரு பக்கம் வந்துக்கிட்டு இருந்ததால, மேடையில் தைரியமா தப்புப் பண்ணிக் கத்துக்க முடிஞ்சது. அடுத்த மாச வாடகைக்காக நடிக்கிறவங்களுக்கு அந்தச் சுதந்திரம் கிடையாது. கைக்கு வந்த எந்த வேஷத்தையும் மறுக்க முடியாது.

இன்னைக்கு அந்தச் சபா மேடைக்குப் பதிலா நமக்கு வார இறுதி இருக்கு. நாடகக் குழுக்கள் இருக்கு, நண்பர்களோட குறும்படம் இருக்கு. அதுல ஒரு வருஷம் இருந்து பாருங்க. சனி, ஞாயிறு தூக்கத்தை விட்டுக்கொடுத்து ஒத்திகைக்குப் போக மனசு வரலைன்னா, உங்களுக்கு வேண்டியது நடிப்பு இல்லை, புது வேலையோ பத்து நாள் லீவோதான்.

அப்போ எப்பதான் விடுறது?

கடைசி வரைக்கும் ரெண்டு குதிரையில் சவாரி பண்ண முடியாது என்பதும் உண்மை. 'நாளைக்குக் காலையில வந்துடுங்க' என்றுதான் ஆடிஷனுக்குக் கூப்பிடுவாங்க. ஷூட்டிங் பெரும்பாலும் வார நாள்களில்தான் நடக்கும். ஒரு கட்டத்தில் முடிவெடுத்தே ஆகணும். அதுக்கு முன்னாடி மூணு விஷயத்தைச் சரிபார்த்துக்கங்க.

ஒண்ணு, தெரியாதவங்க காசு கொடுத்து உங்களை நடிக்கக் கூப்பிட்டிருக்கணும். தொகை சின்னதா இருந்தாலும் பரவாயில்லை. நண்பர்களோட பாராட்டும் ஃபாலோயர் எண்ணிக்கையும் வேற. இது வேற.

ரெண்டு, குறைஞ்சது ரெண்டு வருஷச் செலவு கையில் இருக்கணும். உதாரணத்துக்கு, சாலிகிராமம் பக்கம் ரூம் ஷேர் பண்ணி, சாப்பாடு, பெட்ரோல், போன், ஜிம் எல்லாம் சேர்த்து மாசம் 20,000 ரூபாய் என்று வெச்சுக்கங்க. 24 மாசத்துக்கு 4,80,000 ரூபாய். இதுல இ.எம்.ஐ, வீட்டுக்கு அனுப்புற பணம், ஹெல்த் இன்ஷூரன்ஸ் எதுவும் சேரலை. வேலையை விட்ட மறுநாளே கம்பெனி இன்ஷூரன்ஸும் போயிடும், மறந்துடாதீங்க. கடன் இருந்தா அதை அடைச்சுட்டு அப்புறம் பேப்பர் போடுங்க.

மூணு, உங்களுக்கு நீங்களே ஒரு தேதி வைக்கணும். 'ரெண்டு வருஷத்துல இது நடக்கலைன்னா திரும்ப வேலை தேடுவேன்' என்று இப்பவே எழுதி வைங்க. கையில் காசு கரைஞ்ச பிறகு எடுக்கிற முடிவு தெளிவா இருக்காது.

இன்னொண்ணு. நடிக்க வைக்க யாராவது உங்ககிட்ட காசு கேட்டா, அது ஆடிஷன் இல்லை. பதிவுக் கட்டணம், போட்டோஷூட் கட்டணம், சங்க அட்டைக்கு முன்பணம் என்று எந்தப் பெயரில் கேட்டாலும் எழுந்து வந்துடுங்க.

பெண்களுக்குக் கணக்கு இன்னும் நீளம்

கேரளத்தில் நீதிபதி ஹேமா கமிட்டி, 2019-லேயே அரசிடம் அறிக்கை கொடுத்தது. அது பொதுவெளிக்கு வந்தது 2024 ஆகஸ்ட்டில். பாலியல் தொல்லைகளோடு, படப்பிடிப்புத் தளங்களில் கழிவறையும் உடை மாற்றும் இடமும் இல்லாத நிலை, எழுத்துபூர்வமான ஒப்பந்தம் இல்லாத வேலை என எல்லாத்தையும் அது பதிவு செய்திருக்கு. அது மலையாளத் திரையுலகைப் பற்றிய அறிக்கைதான். ஆனா, நடிக்க நினைக்கிற எந்தப் பெண்ணும் கேட்க வேண்டிய கேள்விகள் அதில் இருக்கு. சந்திப்பு எங்கே, எத்தனை மணிக்கு? கூட ஒருத்தரை அழைச்சுக்கிட்டு வரலாமா? சம்பளம் எழுத்தில் இருக்கா? இதைக் கேட்டதுக்காக ஒரு வாய்ப்பு போகுதுன்னா, போகட்டும். 'முடியாது' என்று சொல்லிட்டு எழுந்து வர்றதுக்கும் கையில் காசு வேணும். சேமிப்பு, பெண்களுக்குப் பாதுகாப்பும்கூட.

வீட்ல பேசுங்க, முழுசா பேசுங்க

'கனவைத் துரத்து' என்று சொல்றவங்க யாரும் உங்க வீட்டு கரன்ட் பில்லைக் கட்டப் போறதில்லை. நீங்க கொண்டுவர்ற சம்பளத்தை நம்பித் தங்கச்சி படிப்போ, அப்பா மருந்தோ இருந்தா, அந்தக் கனவுக்கு அவங்களும் விலை கொடுக்கிறாங்க. அதனால 'எனக்கு நம்பிக்கை இருக்கு' என்று மட்டும் சொல்லாம, 'இத்தனை மாசத்துக்குப் பணம் இருக்கு, இந்தத் தேதி வரைக்கும் டைம் கொடுங்க' என்று கணக்கோட உட்காருங்க. அம்மா அழுதாலும், அப்பா முகம் திருப்பிக்கிட்டாலும், அந்தக் கணக்கு அவங்க மனசுல நிக்கும்.

இப்போதைக்கு முடியலைன்னா, அதுல வெட்கப்பட எதுவும் இல்லை. டெல்லி கணேஷ் முழுநேர நடிகரானபோது அவருக்கு முப்பது வயசு தாண்டியிருந்தது. அதுக்கு அப்புறம் அவர் நடிச்ச படங்கள் 400-க்கும் மேல். இந்த வார இறுதியில் ஒத்திகை எங்கே நடக்குதுன்னு மட்டும் விசாரிச்சு வைங்க.