விரல் நகத்தளவு



ஆஸ்திரேலியாவின் வடக்குக் குவீன்ஸ்லாந்தில், கடலில் குளித்துக் கரையேறியவர்களை ஒரு விசித்திர உபாதை வெகுகாலம் வாட்டியது. முதலில் லேசான சுருக், அவ்வளவுதான். அரை மணி நேரத்தில் முதுகுவலி, தசைப்பிடிப்பு, வாந்தி என்று வரிசையாக வரும், ரத்த அழுத்தம் எகிறும். செத்துவிடுவோம் என்ற பயமும் பிடித்துக்கொள்ளும். கொட்டியது எது என்று யாருக்கும் தெரியவில்லை. கெய்ர்ன்ஸ் நகர மருத்துவர் ஹியூகோ ஃப்ளெக்கர் 1952இல், அப்பகுதிப் பூர்வகுடிகளின் பெயரால் அதை 'இருகாண்ட்ஜி' என்று அழைத்தார்.

காரணத்தைக் கண்டுபிடித்தவர் அதே ஊர் மருத்துவர் ஜாக் பார்ன்ஸ். கடலில் தேடித் தேடி 1961இல் அவர் பிடித்தது ஒரு பொடி ஜெல்லிமீன். பெட்டி ஜெல்லிமீன் வகை. குடை போன்ற உடல் சுமார் ஒரு சென்டிமீட்டர்தான். கண்ணாடி மாதிரி இருப்பதால் தண்ணீரில் கண்ணுக்கே படாது. இதுதானா என்று உறுதிசெய்ய, தனக்கும் தன் ஒன்பது வயது மகனுக்கும் ஓர் உயிர்காப்பு வீரருக்கும் அதைக் கொட்டவைத்தார். மூவரும் மருத்துவமனையில் துடித்துப் பிழைத்தார்கள். தன் உடலைப் பணயம் வைத்த மருத்துவரை வணங்குகிறேன். பிள்ளையையும் அதில் சேர்த்ததை என் மனம் ஏற்கவில்லை. 1967இல் அந்த உயிருக்கு அவர் பெயரையே இட்டார்கள்: காருகியா பார்னெசி.

இதன் பெரிய உறவுக்காரன் கைரோனெக்ஸ் ஃப்ளெக்கரி. மூன்று மீட்டர் வரை நீளும் இழைகள். உடம்பில் நன்றாகச் சுற்றிக்கொண்டால் சில நிமிடங்களில் உயிர் போகலாம். மூளை என்று தனியாக எதுவும் இல்லை, ஆனால் 24 கண்கள் உண்டு! குளிப்பவர்களைக் காக்கக் கடலில் கட்டும் தடுப்பு வலை பெரியதை நிறுத்தும். சின்னது கண்ணி வழியே புகுந்துவிடும்.

அதனால்தான் அந்தக் கடற்கரைகளில் கம்பத்துக்குக் கம்பம் வினிகர் பாட்டில் வைத்திருக்கிறார்கள். ஏறிய விஷத்தை அது முறிக்காது. தோலில் ஒட்டிய இழைகளில் இன்னும் வெடிக்காமல் இருக்கும் கொட்டணுக்களை அடக்கும். தேய்த்தால் அவையும் வெடிக்கும். வினிகர் எல்லா ஜெல்லிமீனுக்கும் பொருந்தாது என்பதையும் குறித்துக்கொள்ளுங்கள்.

நம் கடலோர வாசகர்களிடம் ஒரு வேண்டுகோள். வலையில் சொறி மீன் (ஜெல்லிமீன்) ஏறிக் கையில் பட்டால் உங்கள் ஊரில் என்ன செய்வார்கள்? எந்த மாதத்தில் அதிகம் வரும்? எழுதுங்கள். மருத்துவர்களிடம் காட்டிக் கேட்டு, அவர்கள் சொல்வதோடு சேர்த்து வெளியிடுகிறோம்.

அன்புடன்,
ஆசிரியர்