நாலே மைல்

என் அப்பா இந்த ஊர்க்காரர் இல்லையாம். அதனால்தான் பில்லாம்.

ஓஹையோவில் நாங்கள் இருக்கும் இந்தச் சின்ன ஊரில் தீயணைப்பு வண்டிக்கும் ஆம்புலன்சுக்கும் ஒரே நிலையம், அதே ஆட்கள். அதற்கென்றே சொத்து வரியோடு வருஷா வருஷம் தனியாக அழுகிறேன். வீடு பற்றி எரிந்தால் சும்மா வந்து அணைப்பார்கள். நெஞ்சு எரிந்தால்தான் கணக்குப் பார்ப்பார்கள்!

மார்கழியில் அப்பாவுக்கு நெஞ்சை அடைத்தது. 911 அடித்தேன். ஆறு நிமிஷத்தில் சிவப்பு வண்டியும் ஆம்புலன்சும் வாசலில். வந்த பிள்ளைகளைக் குறை சொன்னால் என் நாக்கு அழுகிவிடும். ஈ.சி.ஜி. ஒட்ட மார்பு முடியை மழிக்கும் முன், ஒருவன் ரேசரைக் காட்டி அப்பாவிடம் சைகையால் அனுமதி கேட்டான். அவிழ்ந்த வேட்டியை இன்னொருவன் கம்பளியால் மூடினான்.

ஆறு வாரம் கழித்து ஏதோ ஒரு வசூல் கம்பெனியிலிருந்து அப்பா பெயருக்குக் கடிதம். அடிப்படைக் கட்டணம் 1,250 டாலர். மைலுக்கு 22 வீதம் நாலு மைலுக்கு 88. டாக்ஸி மீட்டரா இது? விசிட்டர் இன்சூரன்ஸ்காரன் 'பழைய நோய்' என்று கைவிரித்துவிட்டான். திடீர் மருத்துவ பில்லைத் தடுக்க 2022 ஜனவரியில் மத்திய அரசின் சட்டம் அமலுக்கு வந்ததே என்று தேடினேன். ஆகாய ஆம்புலன்சைச் சேர்த்தவர்கள், தரையில் ஓடுவதை விட்டுவிட்டார்கள்.

நகர அலுவலகத்தில் போய் நின்றேன். இன்சூரன்ஸ் போக மிச்சத்தை உள்ளூர்வாசிகளுக்கு மட்டும்தான் தள்ளுபடி செய்வார்களாம். வரி கட்டுகிறவள் நான். அவர் துடித்தது என் வீட்டுக் கட்டிலில். அப்புறம் எந்த ஊர்க்காரர் அவர்? அங்கிருந்த அம்மாள் சிரித்த முகமாகத் தவணைப் படிவத்தை நீட்டினாள்.

அப்பாவுக்குத் தெரியாமல் மறைத்தேன். கடிதம் அவர் பெயருக்கல்லவா வருகிறது! ரூபாயில் பெருக்கிப் பார்த்திருக்கிறார். லட்சத்தைத் தாண்டியது. "உங்கம்மாவை 108-லதானே கொண்டுபோனோம், ஒத்தப் பைசா கேக்கலியே" என்றார். அதற்குமேல் பேசவில்லை.

பணத்தைக் கட்டித் தொலைக்கிறேன், போகட்டும். போன வாரம் ராத்திரி ரெண்டு மணிக்குச் சமையலறையில் விளக்கு எரிந்தது. ஒரு கையால் மார்பைப் பிடித்துக்கொண்டு, சத்தம் வராமல் ஓம டப்பாவைத் திறந்துகொண்டிருந்தார். போனை எடுத்தேன். பிடுங்கி வைத்துக்கொண்டார்.

"வெறும் வாயும்மா. அந்த வண்டியக் கூப்பிடாத. காரை எடு, நானே நடந்து வந்து ஏறிக்கிறேன்."