தையல் பக்கம்: ஆளைத் தாங்கும் தூளி

சகோதரிகளே, தோட்டத்தில் பிறந்த நம்மில் தூளியில் தூங்காதவர் யார்? அம்மா பால்மரம் வெட்டப் போய்விட்டால், ஆயாக் கொட்டகையில் சேலைத் தூளிதானே நமக்குத் தாய்மடி! அதையே பெரியவர் படுக்கும்படி தைத்தால், முகாமுக்குப் போகும் பிள்ளைகளுக்கு அருமையான படுக்கை.

புக்கிட் பாத்தோக்கில் உள்ள என் வீட்டுக்கு, ஜொகூரிலிருந்து அண்ணன் மகன் வந்திருந்தான். "அத்தை, கூட்டாளிகளோடு முகாம் போகிறேன். ஒரு தூளி தைத்துக் கொடுங்களேன்" என்றான். நானும் பெட்டியில் கிடந்த மெல்லிய துணியைப் பருத்தி நூலால் அவசரமாக அடித்துக் கொடுத்துவிட்டேன். நடு இரவில் தையலோரம் கிழிந்து, மரவேரின் மேல் விழுந்தான். வீங்கிய மணிக்கட்டோடு வந்து, "பரவாயில்லை அத்தை" என்றான். எனக்குத்தான் மனசு ஆறவில்லை. இரண்டாவதை யோசித்துத் தைத்தேன்.

முதலில் துணி. கித்தான் நல்ல உறுதி, ஆனால் கனம். பனியில் நனைந்தால் லேசில் காயாது, பூசணமும் பிடிக்கும். நைலான் லேசானது, சீக்கிரம் காயும். ஆனால் பாரத்தில் கொஞ்சம் இழுபடும். பாலியெஸ்டர் அவ்வளவு இழுபடாது. கட்டம் கட்டமாகத் தடித்த இழை ஓடும் 'ரிப்ஸ்டாப்' துணி கிடைத்தால் விடாதீர்கள். சிறு கிழிசல் விழுந்தாலும் அந்தக் கட்டம் அதை ஓடவிடாது. தேக்காவிலோ அரபு ஸ்திரீட்டிலோ வாங்கும்போது, துணியை வெளிச்சத்தில் பிடித்து இரண்டு கட்டைவிரலாலும் இழுத்துப் பாருங்கள். இழை விலகினால் வேண்டாம். நைந்த சேலையும் வேண்டாம்.

அளவு: நீளம் 3 மீட்டர், அகலம் 1.5 மீட்டர். பாவு நூல் நீளவாக்கில் வரட்டும். நைலான், பாலியெஸ்டர் ஓரங்களை மெழுகுவத்திச் சுடரில் காட்டினால் இழை பிரியாது. நீள ஓரங்களை 1 சென்டிமீட்டர் இரண்டு முறை மடித்து அடியுங்கள். இரு முனைகளிலும் முதலில் 1 சென்டிமீட்டர், பிறகு 4 சென்டிமீட்டர் மடித்து, கயிறு நுழைய இடம்விட்டு மூன்று வரிசை தையல் போடுங்கள். நூல் பாலியெஸ்டராக இருக்கட்டும். தையலை மிக நெருக்கமாகவும் போடக்கூடாது. ஊசித் துளைகளே துணியைக் கிழித்துவிடும்.

அந்த மடிப்பில் கயிற்றைக் கோத்து, துணியைச் சுருக்கி இறுக்கிக் கட்டுங்கள். தூளியைக் கம்பி போல விறைப்பாகக் கட்டுவதுதான் பலர் செய்யும் தவறு. கயிறு 30 பாகை சாய்வில் இருந்தால், ஒவ்வொரு பக்கமும் ஆளின் முழு எடையளவு இழுப்பைத் தாங்குகிறது. 15 பாகைக்குக் குறைத்தாலோ ஏறக்குறைய இரண்டு மடங்கு! தூளி முனையிலிருந்து மரம் 1 மீட்டர் தள்ளி இருந்தால், கயிறு சுமார் 60 சென்டிமீட்டர் மேலே ஏறட்டும். அதுதான் கணக்கு.

மரத்தைச் சுற்றிக் கயிறு வேண்டாம், அகலப் பட்டை போடுங்கள். பால்மரத்தின் பட்டை நமக்குச் சோறு போட்டது. அது காயப்பட்டால் என்ன ஆகும் என்று உங்களுக்குச் சொல்லவா வேண்டும்? பட்டுப்போன மரம், தென்னை, டுரியான் பக்கமே போகாதீர்கள். தூளி முழங்கால் உயரத்துக்கு மேல் வேண்டாம். முதலில் அரிசி மூட்டையை வைத்துப் பார்த்து, பிறகு மெல்ல உட்காருங்கள். கைக்குழந்தையை இதில் தூங்க வைக்கவே கூடாது.

சிங்கப்பூரில் கண்ட இடத்தில் முகாம் போட முடியாது. தேசியப் பூங்காக் கழகம் ஒதுக்கிய இடத்தில், பெரும்பாலும் அனுமதி பெற்றுத்தான் தங்கலாம். மரத்தில் கட்டலாமா என்பதையும் கேட்டுக்கொள்வது நல்லது.

இரண்டாவது தூளியில் முதலில் படுத்துப் பார்த்தது யார் தெரியுமா? நான்தான்! அது தாங்கிய பிறகே அண்ணன் மகன் கையில் கொடுத்தேன். தைத்தவள் படுக்கத் தயங்கும் தூளியைப் பிள்ளைக்குக் கொடுக்கலாமா, நீங்களே சொல்லுங்கள்.