சிறு பொருளில் பெரும் அறம்

இத்திங்கள் நம் சிந்தனைக்கு எடுத்துக்கொண்டது திருக்குர்ஆனின் 107-ஆம் அத்தியாயமாகிய ‘அல்மாஊன்’. 114 அத்தியாயங்கள் கொண்ட அத்திருமறையில் இது மிகச் சிறியவற்றுள் ஒன்று. ஏழே வசனங்கள் உடையது. எச்சமயத்தாராயினும் தம் உள்ளத்தைச் சோதித்துக்கொள்ள அவ்வேழும் போதும்.

தீர்ப்பு நாளைப் பொய்யென்று மறுப்பவன் யாவன் என்ற பொருளில் ஒரு வினாவோடு இவ்வத்தியாயம் தொடங்குகின்றது. கொள்கை விளக்கம் ஏதேனும் விடையாக வரும் என்று நாம் எதிர்பார்ப்போம். வருவதோ வேறு. அநாதையை விரட்டுபவன், ஏழைக்கு உணவளிக்கப் பிறரைத் தூண்டாதவன் என்பனவே அவனுக்குரிய அடையாளங்கள். பிறக்குமுன் தந்தையையும், ஆறாம் வயதில் தாயையும் இழந்த நபிகள் நாயகத்தின் வாயிலாக உலகம் இதனைக் கேட்டது என்பதை நினைக்க நெஞ்சம் நெகிழ்கின்றது.

‘உணவளியாதவன்’ என்று கூறாமல் ‘தூண்டாதவன்’ என்று கூறிய நுட்பம் நோக்கத்தக்கது. கொடுக்க இயலாத வறியவனும் கொடுக்கவல்லானிடம் எடுத்துச் சொல்லலாம் அன்றோ? ஆகவே, கையில் பொருளில்லை என்று கூறி எவரும் இக்கடமையிலிருந்து விலக இயலாது.

பின்னர் தொழுகையாளர் பக்கம் கண்டனம் திரும்புகின்றது. தொழுகையில் கருத்தின்றி, பிறர் காணவேண்டும் என்பதற்காகச் செய்து, சிறு உதவியையும் மறுப்போருக்குக் கேடு என்று எச்சரிக்கின்றது. முன்னவன் மறுப்பவன், பின்னவன் தொழுபவன். ஆயினும் அயலான் துயர் கண்டு கை மூடிய நிலையில் இருவரும் ஒருவரே ஆகின்றனர்.

‘மாஊன்’ என்னும் சொல்லுக்கு ஏழைவரியாகிய ஸக்காத் என்று பொருள் கொண்டாரும் உளர். நாயகத்தின் தோழராகிய இப்னு மஸ்ஊத் அவர்களோ, மக்கள் தமக்குள் இரவல் வாங்கிக்கொள்ளும் கோடரி, சட்டி, வாளி போன்றவையே அவை என்று விளக்கினார். இவை கொடுத்தாலும் நம்மிடமே திரும்பி வருபவை. இவற்றையும் மறுப்பவன் திரும்பி வாராத பொருளை எங்ஙனம் ஈவான்?

இதற்கு முந்திய 106-ஆம் அத்தியாயம், மாரியிலும் கோடையிலும் வாணிகப் பயணம் மேற்கொண்ட குறைஷியரைப் பற்றியது. பசியில் உணவும் அச்சத்தில் அபயமும் அளித்த இறைவனை வணங்குமாறு அஃது அவர்களுக்கு நினைவூட்டுகின்றது. அதனை அடுத்தே, உணவளிக்கத் தூண்டாதவனைப் பற்றிய பேச்சு வருகின்றது. தாம் பெற்றதை மறந்தவரே பிறருக்கு மறுப்பர் என்பது இவ்விரண்டையும் சேர்த்துப் படிப்போர்க்குப் புலனாகும்.

பிழைப்புத் தேடிப் பயணம் வந்த நமக்கும் இது பொருந்தும். மொழியறியா ஊரில் வந்திறங்கிய முதல் நாள், தண்ணீர் பிடிக்க ஒரு வாளியும், சோறு வடிக்க ஒரு பாத்திரமும் தந்த அண்டை வீட்டார் நம்மில் பலருக்கு நினைவிருப்பர். இன்று நம் வீட்டில் பாத்திரங்கள் நிறைந்துள்ளன; பூசையும் தொழுகையும் செபமும் குறைவின்றி நடக்கின்றன. நேற்று வந்த குடும்பத்தார் ஒருவர் தயங்கித் தயங்கி நம் கதவைத் தட்டும்பொழுது, நாம் என்ன விடை கூறுகின்றோம்? நம் வழிபாட்டின் மெய்ம்மை அவ்விடையில்தான் வெளிப்படும்.

அன்பர்களே, அக்கதவைத் திறந்து வைப்போமாக.