சின்ன கம்ப்யூட்டருக்கு எந்த மதர்போர்டு?

புதிதாகச் சின்ன கம்ப்யூட்டர் அசெம்பிள் செய்ய நினைப்பவர்கள் கேட்கும் முதல் கேள்வி, "எந்த ப்ராசசர் போடலாம்?" என்பதுதான். பெரிய காஞ்சிபுரத்தில், அதுவும் பிள்ளையார்பாளையம் போன்ற நெசவுப் பகுதியில் வசிப்பவர் என்றால், முதலில் கேட்க வேண்டியது வேறு. "இந்த மதர்போர்டில் மின்விசிறி உண்டா?"

காரணம் எளிது. தறி ஓடும் வீட்டில் நூல் பிசிறும் தெருப் புழுதியும் இருந்துகொண்டே இருக்கும். மின்விசிறி அவற்றை உள்ளே இழுக்கும். ஹீட்சிங்க் தகடுகளுக்கு இடையே அது பஞ்சுபோல் அடைத்துக்கொள்ளும். காற்று போக வழியில்லாமல் ப்ராசசர் சூடாகும். சூட்டைக் குறைக்க மின்விசிறி இன்னும் வேகமாகச் சுற்றும். வாங்கியபோது அமைதியாக இருந்த கம்ப்யூட்டர் சில மாதங்களில் இரைவது இதனால்தான். மே மாத வெயிலில் கேட்கவே வேண்டாம்.

"தறிச் சத்தத்தில் இது யாருக்குக் கேட்கும்?" என்று சிலர் கேட்பார்கள். தறி நின்ற பிறகு, இரவில் பிள்ளைகள் படிக்கும்போது கேட்கும். சத்தத்தை விடுங்கள், சூடு போர்டின் ஆயுளைக் குறைக்குமே!

மின்விசிறி இல்லாத போர்டு புதிய சங்கதி அல்ல. தைவானின் வியா நிறுவனம் 2001-ல் 17 செ.மீ. சதுரமான மினி-ஐடிஎக்ஸ் அளவை அறிமுகப்படுத்தியது. அதன் எபியா 5000 போர்டில் 533 மெகாஹெர்ட்ஸ் ப்ராசசர் மின்விசிறி இல்லாமலே ஓடியது. ஆனால் வேகம் போதவில்லை. 2008-ல் இன்டெல் கொண்டுவந்த டி945ஜிசிஎல்எஃப் போர்டில் வேடிக்கை ஒன்று உண்டு. அதிலிருந்த ஆட்டம் ப்ராசசருக்கு 4 வாட்தான். கூட இருந்த சிப்செட்டுக்கோ சுமார் 22 வாட். எனவே மின்விசிறி சிப்செட்டின் தலையில் ஏறியது! ப்ராசசரின் வாட் கணக்கை மட்டும் பார்த்து வாங்கக் கூடாது என்பதற்கு இதுவே பாடம்.

2023-ல் வந்த இன்டெல் என்100 இந்தக் குறையைப் பெரும்பாலும் தீர்த்துவிட்டது. நான்கு கோர், 6 வாட். தமிழ் டைப்பிங், இன்டர்நெட், வீடியோ, கணக்கு, சேலை டிசைன் படங்களைத் திறந்து திருத்துவது ஆகியவற்றுக்குத் தாராளம். ஆசஸ் பிரைம் என்100ஐ-டி டி4, அஸ்ராக் என்100டிசி-ஐடிஎக்ஸ் ஆகிய போர்டுகள் மின்விசிறி இல்லாதவை. இரண்டாவது போர்டு லேப்டாப்பைப்போல 19 வோல்ட் அடாப்டரில் இயங்குவதால், எஸ்எம்பிஎஸ் மின்விசிறியும் மிச்சம். மின்சாரம் குறைவாக இழுப்பதால் யுபிஎஸ்ஸும் கூடுதல் நேரம் தாங்கும்.

குறையும் உண்டு. இவற்றில் ப்ராசசர் போர்டோடு சேர்த்துப் பற்றவைக்கப்பட்டிருக்கும். ஒன்று போனால் இரண்டும் போச்சு. பிறகு வேகமானதாக மாற்றவும் முடியாது. ஆகவே வாங்கும்போதே வாரண்டி எத்தனை வருடம், சர்வீஸ் சென்டர் எங்கே என்று பில்லோடு கேட்டுக்கொள்ளுங்கள். ரிச்சி தெருவில் நூறு ரூபாய் குறைகிறது என்று வாங்கிவிட்டு, ஒவ்வொரு பழுதுக்கும் சென்னைக்கு பஸ் ஏறுவது லாபமாகாது.

ஹார்ட் டிஸ்க்குக்குப் பதில் எஸ்எஸ்டி போடுங்கள். சுற்றும் பாகம் ஒன்றுகூட இருக்காது. மேற்புறம் துளை உள்ள கேபினட்டாகத் தேர்ந்தெடுங்கள். சூடான காற்று தானே மேலே போய்விடும். மின்விசிறி இல்லை என்பதால் பீரோவுக்குள்ளோ டி.வி. ஸ்டாண்டின் அடித்தட்டிலோ அடைத்து வைக்காதீர்கள். இதற்குத் திறந்த இடம்தான் மின்விசிறி.

வீடியோ எடிட்டிங், பெரிய கேம்ஸ் வேண்டுமென்பவர்களுக்கு இது ஒத்துவராது. அவர்கள் ப்ராசசரை மாற்றும் வசதியுள்ள மைக்ரோ-ஏடிஎக்ஸ் போர்டில், மெதுவாகச் சுற்றும் பெரிய மின்விசிறி போட்டு மாதம் ஒருமுறை தூசி தட்டட்டும். மற்ற வீடுகளுக்கு என் ஓட்டு, மின்விசிறி இல்லாத போர்டுக்கே.